எல்லாரும் ஐம்பது கொடுத்த தெரு

போன மாதம் எங்கள் பழைய ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. ரிட்டயர் ஆனவள்தானே, வீட்டில் சும்மாதான் இருப்பாள் என்று என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். போனேன். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்திருக்கிறார்கள். ஆராய்ச்சி ஆட்டத்தின் விதிகளை அதுவே தமிழில் பேசுகிறது. பதிலை அதுவே அனுப்புகிறது. இவர்கள் செய்ய வேண்டியது அதைத் தூக்கிக்கொண்டு போவது மட்டும்தான். அதற்கும் தோள்வலி என்று ஒரு பையன் சொன்னான்.

அதில் ஒரு பெண் ரொம்ப மரியாதையாக, "உங்க காலத்துல இந்த கேம்ஸ் எல்லாம் பேப்பர்லதானே பண்ணியிருப்பீங்க ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"பேப்பரா? நீ ஸ்கூலுக்குப் போக மாட்டேன்னு அழுதுக்கினு இருந்த வருஷத்துலயே நான் செல்போன்ல ஆட்டம் நடத்தினவ" என்றேன்.

"அப்ப எழுதிக் குடுங்க ஆன்ட்டி" என்றார்கள். எழுதியிருக்கிறேன். நயமாக எழுத எனக்கு வராது. நயம் வேண்டும் என்பவர்கள் டேப்லெட்டிடம் கேட்டுக்கொள்ளலாம்.

என் பெயர் எஸ்தர். செவிலிமேட்டுப் பக்கம் எங்கள் காலனியில் டிகிரி முடித்த முதல் பெண். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். தொண்ணூறுகளில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலைக்குச் சேர்ந்தேன். என்ன சோப்பு, என்ன பற்பசை, கொசுவர்த்தி எரிப்பீர்களா மாட்டீர்களா. சில வீடுகளில் நான் கேட்பதற்கு முன் அவர்கள் கேட்பார்கள், "நீ எந்தத் தெருப் பொண்ணு?" என்று. "கேள்வி கேக்கறது என் வேலை, பதில் சொல்றது உங்க வேலை" என்பேன். சில வீடுகளில் கதவு சாத்தப்படும். பக்கத்து வீட்டுக்குப் போவேன். வேலை கற்றுக்கொண்டது இவ்வளவுதான். மற்றதெல்லாம் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்த கதை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, செல்போன் எல்லார் கைக்கும் வரத் தொடங்கிய சமயம், சென்னையில் ஒரு ஆராய்ச்சி நிறுவனம் காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன ஆபீஸ் போட்டது. என்னை சூப்பர்வைசராக எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கீழே ஐந்து பேர். மேலே வரதன் சார்.

வரதன் சார் சின்ன காஞ்சிபுரத்துக்காரர். பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம். கத்தவே மாட்டார். அது நல்ல குணம் என்று முதல் வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, கோபம் ஏற ஏற அவருக்கு மரியாதையும் ஏறும் என்று. சாதாரணமாக இருந்தால் "எஸ்தர்." கொஞ்சம் எரிச்சல் என்றால் "எஸ்தர் அம்மா." "எஸ்தர் அவர்களே, சற்று அமருங்கள்" என்றால் யாருக்கோ வேலை போகப்போகிறது என்று அர்த்தம். கத்துகிற ஆளோடு நானும் திருப்பிக் கத்திவிட்டுப் போவேன். இவரோடு எப்படிச் சண்டை போடுவது?

ஆட்டம் இதுதான். இரண்டு வீடு. இரண்டு வீட்டிலும் எங்கள் ஆள் ஒவ்வொருவர், கையில் ஒரு செல்போன். முதல் வீட்டுக்காரருக்கு நூறு ரூபாய் என்று போனில் காட்டும். அதில் எவ்வளவு தனக்கு, எவ்வளவு முகம் தெரியாத அடுத்த வீட்டுக்காரருக்கு என்று அவர் பட்டனில் அழுத்த வேண்டும். அது எஸ்.எம்.எஸ். ஆகப் பறந்து இரண்டாவது வீட்டுப் போனுக்குப் போகும். அந்த ஆள் சரி என்றால் இருவருக்கும் அந்தப் பங்கு கிடைக்கும். வேண்டாம் என்றால் இருவருக்கும் ஒன்றும் இல்லை.

"வேண்டாம்னு யார் சார் சொல்லுவா? சும்மா வர்ற பணம்" என்று கேட்டேன்.

சார் சிரித்துவிட்டு, தன் வீட்டில் சோதித்துப் பார்த்த கதையைச் சொன்னார். பக்கத்து அறையில் உட்கார்ந்து தன் அம்மாவுக்கே பத்து ரூபாய் அனுப்பியிருக்கிறார். அந்த அம்மா வேண்டாம் என்று அழுத்திவிட்டார்கள். "ஒத்துண்டா பத்து ரூபாயாவது கிடைக்குமேம்மா" என்று இவர் கேட்டதற்கு, "எனக்குப் பத்து கிடைக்காட்டா பரவாயில்லை, உனக்குத் தொண்ணூறு கிடைக்கப்படாது" என்றார்களாம்.

"பார்த்தீர்களா, ஆள் தெரிந்தால் ஆட்டமே மாறிவிடுகிறது. எதிராளி யாரென்று தெரியவே கூடாது, எஸ்தர். இந்த ஆராய்ச்சிக்கு உயிரே அதுதான்" என்றார்.

அந்த உயிரைக் காப்பாற்ற அவர் போட்ட விதிகள் இருக்கிறதே! ஐந்து பேரும் ஒரே தெருவில் ஐந்து வீட்டுக்குள் இருக்க வேண்டும், எந்த இரண்டு வீட்டுக்கு நடுவில் ஆட்டம் நடக்கிறது என்று தெருவுக்குத் தெரியாது. நூறு ரூபாய் ஆட்டத்துக்கு முன்னால் குடும்பம், தொழில், கடன் என்று நீளமான கேள்விகள் உண்டு. அதற்கு வேலையை நிறுத்தச் சொல்லக் கூடாது. ஆட்டத்துக்கு மட்டும் இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும். அவர்கள் அழுத்தும்போது நாம் முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். காஞ்சிபுரத்தில் எந்த ஜவுளிக்கடை எந்தச் சாமி படம் போட்டு கேலண்டர் அடித்தது என்று எங்கள் ஐந்து பேரைக் கேட்டால் சொல்லுவோம். போனில் பட்டன் சத்தத்தை அணைத்து வைத்தார். எத்தனை தரம் "பீப்" என்கிறதோ அதை வைத்து யாராவது கண்டுபிடித்துவிடுவார்களாம்.

போனில் தமிழ் எழுத்து வராது. அதனால் விதியைத் தாளைப் பார்த்து நாங்கள் வாசிக்க வேண்டும், ஒரு வார்த்தை மாற்றாமல். "நீங்கள் இப்போது ஒரு முடிவு எடுக்கப் போகிறீர்கள். இதில் சரி, தவறு என்று எதுவும் இல்லை."

"இன்னாமா, ரேடியோ நியூஸ் மாரி பேசற?" என்பார்கள்.

"எவ்ளோ போடட்டும், நீயே சொல்லேன்" என்று கேட்டால், "உங்கள் விருப்பம்" என்பதற்கு மேல் ஒரு சொல் பேசக் கூடாது. ஒரு அம்மா, "என் விருப்பத்த என் வூட்டுக்காரரே கேட்டதில்ல. நீ இன்னாத்துக்குக் கேக்கற?" என்றார்கள். அதற்கும் நான் "உங்கள் விருப்பம்" என்றுதான் சொன்னேன். விதி.

முதலில் செவிலிமேட்டில் புது வீடுகளில் நடத்தினோம். ஆபீஸ் போகிற ஜனங்கள். சிலர் பாதி கொடுத்தார்கள், சிலர் முப்பது, சிலர் பத்து. பத்து வந்தவர்களில் பலபேர் வேண்டாம் என்று அழுத்திவிட்டு எங்களிடம் சண்டைக்கு வந்தார்கள். மனிதர்கள் இப்படித்தான் விளையாடுவார்கள் என்று சாருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

அடுத்தது பிள்ளையார்பாளையம். அங்கே அனுப்புகிற போனை அமுதா வைத்திருந்தாள். அந்தப் பகுதிப் பெண், நெசவாளர் வீட்டுப் பிள்ளை. யார் வீட்டுக் கதவை எப்படித் தட்டுவது என்று தெரிந்தவள். மற்ற நாலு பேரிடமும் வாங்குகிற போன். வேலை மளமளவென்று முடிந்தது. ஒரு வீட்டில்கூடச் சண்டை இல்லை.

கணக்கை எடுத்துப் பார்த்தால், ஐம்பது. அடுத்தது ஐம்பது. அதற்கடுத்ததும் ஐம்பது. தெரு முழுக்க ஒரு பைசா கூடக் குறைய இல்லாமல் பாதிக்குப் பாதி. வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

எங்களுக்குப் பணம் தருகிற வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து உடனே மெயில் வந்தது. மனிதர்கள் இப்படி விளையாட மாட்டார்கள், உங்கள் ஆள் தானே அழுத்தியிருக்கிறார், அந்த ஆளை நீக்குங்கள் என்று.

"எஸ்தர் அவர்களே, சற்று அமருங்கள்" என்றார் சார். நான் உட்காரவில்லை.

திங்கட்கிழமைக் கூட்டத்தில், எல்லாரும் இருக்கும்போது, அமுதாவைப் பார்த்துக் கேட்டார். "இவற்றை அழுத்தியது அவர்களா, தாங்களா?"

"இன்னா சார் கேக்கறீங்க?"

"தங்கள் பகுதி மக்கள். இருவருக்கும் பணம் கிடைக்கட்டும் என்று தாங்கள் நினைத்திருக்கலாம். புரிந்துகொள்ள முடிகிறது. கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டுச் செல்லுங்கள்."

அவள் வைத்தாள். எங்கள் தொழிலில் ஒருத்தி உட்கார்ந்த இடத்தில் பதிலை நிரப்பினாள் என்று ஒருமுறை பேர் வந்துவிட்டால் வேறு எந்த ஆபீஸும் எடுக்காது. அவள் சம்பளத்தில்தான் தங்கச்சி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் அழுதாள்.

"அக்கா, நீங்களும் நம்பலியா?"

"நம்பறது, நம்பாதது எல்லாம் என் வேலை இல்ல. ரீசெக் பண்றதுதான் வேலை. மூக்கத் தொடச்சிக்கினு டீயக் குடி" என்றேன்.

அவளை நீக்குகிற கடிதத்தில் சூப்பர்வைசர் என்று நானும் கையெழுத்துப் போட வேண்டும். நானே போய்ப் பார்க்காமல் போட மாட்டேன் என்று சாரிடம் சொன்னேன். "தாங்கள் விரும்பினால்" என்றார். "நீங்களும் வரணும் சார்" என்றேன். அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் வந்தார்.

பிள்ளையார்பாளையத்தில் ஏகாம்பரம் என்ற நெசவாளர் வீட்டுக்குள் நானும் சாரும் உட்கார்ந்தோம். வாங்குகிற போன் சார் கையில். தெருவில் வேறு வேறு வீடுகளில் மற்றவர்கள். அனுப்புகிற போன் எட்வின் என்ற பையனிடம். எட்வினுக்கு அந்தத் தெருவில் ஒரு ஆளைக்கூடத் தெரியாது. ஏகாம்பரம் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டே நான் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அவர் மனைவி கோமளா பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு நூல் ஓடுகிற நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஆட்டம் வரப்போகிறது என்று போனில் அடையாளம் வந்தது. "கொஞ்சம் தறியை நிறுத்துங்க" என்றேன். நிறுத்தினார்கள்.

கோமளா ஒரு நொடி தலையைச் சாய்த்தார். "தேசிங்கு வூடு" என்றார்.

"தேசிங்கா? அப்ப அம்பதுதான் வரும்" என்றார் ஏகாம்பரம்.

வந்தது ஐம்பது.

சார் போனைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். "தேசிங்கு என்பவர் யார்? அவர்தான் அனுப்பினார் என்று யார் சொன்னார்கள்?"

"யாரும் சொல்லல சார். அந்தாண்ட மூணாவது வூட்டுத் தறி நின்னுச்சி. நம்முது நின்னுச்சி. மீதி எல்லாம் ஓடிக்கினு கீது பாருங்க" என்றார் ஏகாம்பரம்.

அப்போதுதான் எனக்கும் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. காலையிலிருந்து கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். தெரு முழுக்கத் தறி. எங்களுக்கு எல்லாம் ஒரே சத்தம். அவர்களுக்கு ஒவ்வொன்றும் ஒரு ஆளின் குரல் மாதிரி. எங்கள் ஐந்து பேரும் கேள்வி கேட்கிறவரை எல்லாத் தறியும் ஓடும். ஆட்டம் வந்தால் மட்டும், ஒரே நேரத்தில், சரியாக இரண்டு தறி நிற்கும். ஊருக்கே மைக் வைத்துச் சொன்ன மாதிரி.

"தேசிங்கு வூட்லயும் எங்க தறி நின்னது தெரிஞ்சிருக்கும் சார். அவன் எனக்கு இருவது அனுப்பிட்டு நாளிக்கு எப்புடி என் மூஞ்சில முழிப்பான்?"

"அவன் பொண்டாட்டி கொழாயாண்ட என்கிட்டதான வரணும்? சும்மா வுடுவனா?" என்றார் கோமளா.

"இது ரகசியமாக இருக்க வேண்டியதம்மா" என்றார் சார். குரல் அடியோடு இறங்கிவிட்டது.

"ரகசியமா? சொல்லவே இல்லியே சார். முன்னாடியே சொல்லியிருந்தா காதப் பொத்திக்கினு இருந்திருப்பமே!" என்றார் ஏகாம்பரம்.

வெளியே வந்ததும் சார் தெருவிலேயே நின்றுவிட்டார். "பட்டன் சத்தத்தை அணைத்தேன், எஸ்தர்" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் எனக்கு மறுபடி கோபம் வந்தது.

"அப்ப அமுதா தப்பு பண்ணல. மெயில் போடுங்க சார்."

"போட்டால் நம்ப மாட்டார்கள். ஒரு பெண்ணைக் காப்பாற்ற நாமே ஒரு கதை கட்டுகிறோம் என்பார்கள். எட்வின் போனிலிருந்து வந்த ஒரு ஐம்பது போதாது. அதே தெரு, அதே அமுதா, அதே போன். ஆனால் தறி காட்டிக்கொடுக்கக் கூடாது. அப்படி ஒருமுறை நடத்த வேண்டும். அப்போதும் ஐம்பதே வந்தால்..." என்று நிறுத்தினார்.

"வந்தா?"

"வந்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது, எஸ்தர்."

தெரு முழுக்கத் தறியை ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லலாமா என்று கேட்டார். "அவங்க கூலிய யார் குடுப்பா? உங்க வெளிநாட்டுக்காரன் குடுப்பானா?" என்றேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தோம். திடீரென்று, "அமாவாசை என்றைக்கு? இவர்கள் அமாவாசைக்கு நெய்ய மாட்டார்களே!" என்றார். தானே விரலில் எண்ணிப் பார்த்துவிட்டு, "எனக்கு அன்றைக்குத் தர்ப்பணம் இருக்கிறது. முடித்துவிட்டு வந்துவிடுகிறேன்" என்றார். ஆள் மூளைக்காரர்தான். அதை நான் ஒருபோதும் இல்லை என்று சொன்னதில்லை.

அமுதாவைக் கூப்பிடப் போனேன். "திருடின்னு சொன்ன எடத்துக்கு நான் இன்னாத்துக்கு வரணும்?" என்றாள்.

"வரலன்னா திருடின்னே நிக்கும். வா."

வந்தாள். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வந்தாள். சார் பளிச்சென்று நாமம் போட்டுக்கொண்டு வந்தார். அமுதா போகிற வீட்டு வாசலில் எல்லாம் அவரே போய் நின்றார். அவள் அழுத்தவில்லை என்பதற்கு அவரே சாட்சி. தெரு அமைதியாக இருந்தது. தலைக்குக் குளித்துவிட்டுப் பெண்கள் வாசலில் முடி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை யாரும் தலையைச் சாய்த்துக் கேட்டுக் கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லை.

நான் கோமளா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். எல்லா எஸ்.எம்.எஸ்ஸும் ஒரு பிரதி என் போனுக்கு வரும்.

முதலாவது வந்தது. ஐம்பது.

இரண்டாவது. ஐம்பது.

என் வாழ்க்கையில் எவ்வளவோ ஜெபம் பண்ணியிருக்கிறேன். ஜனங்கள் நல்லவர்களாக இருக்க வேண்டும் என்றுதான் சர்ச்சில் சொல்லிக் கொடுத்தார்கள். அன்றைக்கு நான், கர்த்தரே, இந்தத் தெருவில் நாலு கஞ்சனையாவது காட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மூன்றாவது நாற்பத்தைந்து. போதாது. ஐந்து ரூபாய்க் கஞ்சத்தனத்தை வைத்து என்ன செய்வது? அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. டவர் போய்விட்டதோ என்று போனைத் தூக்கிப் பிடித்தேன்.

முப்பது வந்தது. பின்னாலேயே இருபது. பத்து. பத்து வாங்கினவர் வேண்டாம் என்று அழுத்திவிட்டார். அப்புறம் ஒரு ஐந்து. வீட்டு எண்ணும் கூடவே வருவதால், ஐந்து ரூபாய் அனுப்பியவர் யாரென்று எனக்குத் தெரியும். கோயில் திருவிழா என்றால் நன்கொடைச் சீட்டில் முதல் பெயராகத் தன் பெயரைப் போடச் சொல்கிறவர். பெயரை இன்றைக்கும் சொல்ல மாட்டேன். விதி.

சார் மூச்சு வாங்க உள்ளே வந்தார். "எஸ்தர், என்ன வந்திருக்கிறது?" போனை நீட்டினேன். மேலிருந்து கீழே பார்த்தார். மனுஷன் கண்ணெல்லாம் சிரிப்பு.

"இன்னா சார், இவ்ளோ சந்தோஷம்?" என்றார் கோமளா.

அங்கே ஒன்றும் சொல்லக் கூடாதே! "ஒன்றுமில்லையம்மா, காபி நன்றாக இருந்தது" என்றார்.

"இன்னும் குடுக்கவே இல்லியே சார்!"

எல்லாம் முடிந்து தெருமுனைக்கு வந்ததும் சார் அமுதாவைத் தனியாக அழைத்து, "தவறு என்னுடையதுதான், அமுதா. நாளைக்கே வேலைக்கு வந்துவிடு" என்றார். நான் நாலடி தள்ளி நின்றேன். இருந்தாலும் காது அங்கேதான்.

"ஜனங்க சமமா குடுத்தப்ப நான் திருடி. அவங்க கஞ்சத்தனம் பண்ணதும் நான் யோக்கியம். நல்லாத்தான் கீது சார் உங்க ஆராய்ச்சி" என்றாள் அமுதா. "கேட்டது எல்லார் முன்னாடியும். இத மட்டும் இன்னாத்துக்குத் தனியா கூட்டிக்கினு வந்து சொல்றீங்க?"

சார் என்னைப் பார்த்தார். நான் சாலையில் போகிற ஷேர் ஆட்டோவைப் பார்த்தேன்.

அன்றைக்கே அவர் வெளிநாட்டுக்கு நீளமாக மெயில் எழுதினார். தறி, தேசிங்கு, அமாவாசை எல்லாம் அதில் இருந்தது. பதில் வந்தது. பழைய கணக்கைத் தள்ளிவிடுங்கள், அந்தப் பெண்மேல் தவறில்லை, நெசவாளர் தெருக்களில் மீதி ஆட்டங்களை இனி அமாவாசை அன்றைக்கே நடத்துங்கள் என்று. ஒரு மாதத்தில் முடிய வேண்டிய வேலை இழுத்துக்கொண்டே போனது. அடுத்த அமாவாசை எப்போது என்று கேட்டு அங்கிருந்து மெயில் மேல் மெயில் வரும்.

அந்த முதல் அமாவாசைக்கு அடுத்து வந்த திங்கட்கிழமைக் கூட்டம். நாங்கள் எல்லாரும் அதே இடங்களில் உட்கார்ந்திருந்தோம். அமுதா திருப்பிக் கொடுத்திருந்த போன் மேசைமேல் இருந்தது. சார் எழுந்து நின்றார். வழக்கமாக உட்கார்ந்துகொண்டுதான் பேசுவார்.

"அமுதாவின் மேல் நான் சந்தேகப்பட்டது தவறு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு, வேகமாக.

எட்வின் குனிந்து செருப்பைச் சரிசெய்ய ஆரம்பித்தான். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"சரியா காதுல வுழல சார்" என்றாள் அமுதா.

சார் நிமிர்ந்தார். அவளை நேராகப் பார்த்து, நிறுத்தி, மறுபடியும் சொன்னார்.

"சரி சார்" என்றாள். போனை எடுத்தாள், சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தாள், பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.